மூன்று நாள் மீனும் முப்பது நிமிட மீனும்

இரவு எட்டு மணி வாக்கில் எங்கள் பேட்டை சூப்பர்மார்க்கெட்டின் மீன் பகுதியில் ஏழெட்டுப் பேர் எதையும் எடுக்காமல் உலாத்திக்கொண்டிருப்பார்கள். ஸ்டிக்கர் சுருளோடு கடை ஊழியர் வருவதற்கான காத்திருப்பு அது. முதலில் 20 சதவீதத் தள்ளுபடி, அப்புறம் 30, கடை மூடப்போகிற நேரத்தில் பாதி விலை. டோக்கியோவில் குடும்பம் நடத்துகிற யாருக்கும் இது தெரிந்த காட்சிதான். போன வெள்ளிக்கிழமை அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தியாக நின்று மூன்று தட்டு சவாரா மீன் வாங்கிவந்தேன். தட்டுக்கு இரண்டு துண்டு. வீட்டில் இரண்டே பேர். அன்றைக்கு ஒரு தட்டுதான் செலவாகும். மீதி இரண்டு?

ஜப்பானுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது வேறு கேள்வி. "அக்கா, மிசோவில் ஊறவைத்தால் ருசியா, சோயாவில் ஊறவைத்தால் ருசியா?" மிசோ சோயாபீன்ஸைப் புளிக்கவைத்த விழுது, மற்றது சோயா சாஸ். இரண்டும் ருசிதான். அதை வைத்து முடிவெடுக்கப் போனால் முடிவே வராது. நான் திருப்பிக் கேட்பது இதுதான்: இந்த மீனை என்றைக்குச் சாப்பிடப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் எதில் ஊறவைப்பது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஏனென்றால் இந்த ஊறல்கள் ருசிக்காக மட்டும் பிறந்தவை அல்ல. கியோத்தோ கடலில்லாத ஊர். வடக்கே வாகாசா விரிகுடாவில் பிடித்த சாபா (கானாங்கெளுத்தி வகை) மீனில் உப்பைப் போட்டு, மலைப்பாதையில் எழுபது கிலோமீட்டருக்கு மேல் சுமந்து வந்துதான் அந்த ஊர் மீன் தின்றது. அந்தப் பாதைக்கு இன்றும் 'சாபா-காய்தோ', அதாவது சாபா மீன் சாலை, என்றுதான் பெயர். வந்து சேர்வதற்குள் உப்பு பதமாக ஏறியிருக்குமாம். நாளைக் கடத்தத் தெரிந்த ஊரில்தான் மிசோ ஊறலும் பேர் வாங்கியது என்பதில் ஆச்சரியம் இல்லை.

நம் மீன் வறுவலோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் தலைகீழ். நாம் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு பிசறி அரைமணி நேரம் வைத்து அப்படியே கல்லில் போடுகிறோம். தடவிய மசாலா மீனோடு சேர்ந்து மொறுமொறுப்பாக வேண்டும். ஜப்பானிய ஊறலில் தடவியதை எல்லாம் அடுப்புக்குப் போகும் முன் வழித்து, துடைத்து எடுத்துவிட வேண்டும். முதல் தடவை எனக்கு மனசு வரவில்லை. விலை கொடுத்து வாங்கிய மிசோவை யார் வழித்துப் போடுவார்கள்? அப்படியே கிரில்லுக்குள் தள்ளினேன். நான்காவது நிமிடம் மேலே கரி, உள்ளே பச்சை. அறை முழுக்கப் புகை. கூரையில் இருந்த அலாரம் 'காஜி தெஸ், காஜி தெஸ்' என்று, அதாவது தீ, தீ என்று, கத்த ஆரம்பித்துவிட்டது. கீழ்வீட்டுப் பாட்டி மேலே ஓடிவந்து, தட்டில் இருந்த கரியைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது ஒரே வார்த்தை: துடை. மிசோவில் சர்க்கரைச் சத்து அதிகம், மீன் வேகும் முன்பே அது கருகிவிடும். கொடுக்க வேண்டியதை அது உள்ளே கொடுத்தாகிவிட்டது. மேலே இருப்பது வெறும் சக்கை.

எந்த ஊறலானாலும் முதலில் மீனை டிஷ்யூவால் நன்றாக ஒற்றி எடுங்கள். மிசோவுக்கும் சோயாவுக்கும் அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. துண்டின் இரு பக்கமும் லேசாக உப்புத் தூவி இருபது நிமிடம் வைத்தால் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் விடும். கவுச்சி அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை ஒற்றி எடுத்தபிறகு ஊறவையுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை உயர்ந்த மிசோவில் போட்டாலும் கவுச்சி மிசோவுக்குள் இறங்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கே என்றால்

யூஆன்-யாக்கி. சோயா சாஸ், சாக்கே (அரிசி மது), மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது) மூன்றும் சம அளவு. நான்கு துண்டுக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். அதில் யூசு என்கிற எலுமிச்சை இனப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி மிதக்க விட வேண்டும். இவ்வளவுதான். பழைய ஓமி மாகாணத்தின் கதாதா ஊரில், பீவா ஏரிக்கரையில் வாழ்ந்த கிதாமுரா யூஆன் என்ற தேநீர்க் கலைஞர் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்து ஆள்.

அரைமணி நேரம் போதும், ஒரு மணி நேரம் நல்லது, இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். சோயாவின் உப்பு தண்ணீரோடு சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும், மீனின் ஈரத்தையும் வெளியே இழுக்கும். காலையில் ஊறப்போட்டு வேலைக்குப் போய் இரவு வந்து சுட்டால் கருவாட்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன், சாதம் இரண்டு மடங்கு செலவானது.

யூசு குளிர்காலத்துப் பழம். மற்ற மாதங்களில் கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். எலுமிச்சை போட்டால் தப்பில்லை, ஆனால் சாறு பிழிய வேண்டாம். தோலின் வாசனைதான் இங்கே வேலை செய்கிறது. புளிப்பு ஏறினால் மீனின் மேல்சதை வெளுத்துப்போகும். நம் நார்த்தங்காயின் தோலைச் சீவிப் போட்டால் யூசுவுக்கு எலுமிச்சையைவிடக் கிட்டத்தில் வரும் என்பது என் எண்ணம். ஊரிலிருந்து வந்த ஒரு காயை வைத்து ஒரே முறைதான் செய்திருக்கிறேன்.

இன்றைக்கே சாப்பிட இன்னொரு வழி தெரியாக்கி. அதை ஊறல் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன். ஜப்பானிய வீடுகளில் புரி மீன் தெரியாக்கி என்றால் பெரும்பாலும் ஊறவைப்பதே இல்லை. துண்டை மாவில் புரட்டி தவாவில் பொரித்து, கசிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, சோயா, மிரின், சாக்கே, கொஞ்சம் சர்க்கரை ஊற்றி, அது பாகாகி மீனின் மேல் பளபளக்கும்வரை கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றுகிறார்கள். 'தெரி' என்றால் பளபளப்பு. வீட்டுக்கு வந்து இருபது நிமிடத்தில் சோறு வேண்டும் என்கிற நாளுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு எடுத்துவைக்க இது உதவாது.

நாளைக்கு என்றால்

ஷியோ-கோஜி. சோற்றில் 'கோஜி' என்கிற பூஞ்சையை வளர்த்து, அதோடு உப்பும் தண்ணீரும் சேர்த்துப் புளிக்கவைத்த கஞ்சி மாதிரியான பொருள். மிசோ, சோயா, சாக்கே எல்லாவற்றுக்கும் தாய் இந்தப் பூஞ்சைதான். 2006 இல் ஜப்பானின் மதுவடிப்பு ஆய்வுச் சங்கம் இதை 'தேசியப் பூஞ்சை' என்றே அறிவித்தது. ஷியோ-கோஜி பழைய பொருள். ஆனால் 2011, 2012 வாக்கில் திடீரென்று எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டிலேயே செய்யலாம்: கோஜி 200 கிராம், உப்பு 60 கிராம், தண்ணீர் 250 மில்லி. தினமும் ஒருமுறை கிளறிவிட்டால் கோடையில் ஒரு வாரம், குளிர்காலத்தில் பத்துப் பதினைந்து நாள். பழுத்த வாழைப்பழம் போல இனிப்பாக மணந்தால் தயார்.

இதன் பெரிய வசதி, கணக்கு எளிது. மீனின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 100 கிராம் துண்டுக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். ஷியோ-கோஜியில் உப்பு ஏறத்தாழ 12 சதவீதம் என்பதால் மீனுக்குச் சேரும் உப்பு 1.2 சதவீதம், நாக்குக்குச் சரியான அளவு. அதனால்தான் இதற்கு முன்கூட்டியே உப்புத் தூவ வேண்டாம் என்கிறேன். ஒற்றி எடுத்துத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் தயார்.

வசதிக்குப் பின்னால் ஒரு வம்பும் இருக்கிறது. கோஜியின் என்சைம்கள் மீனின் புரதத்தை உடைக்கின்றன. ஒரு நாளில் அது மென்மை. இரண்டாம் நாள் தாண்டினால் கொழகொழப்பு. தாரா (காட் மீன்) மாதிரி ஏற்கனவே உதிரியான மீன் இன்னும் சீக்கிரம் குழைந்துபோகும். சவாரா, சால்மன், புரி மாதிரிக் கெட்டிச் சதை தாங்கும். சாபாவுக்கும் நன்றாகப் பொருந்தும். அதன் முரட்டு வாசனையை ஷியோ-கோஜி அடக்குகிற அளவுக்கு யூஆன் அடக்குவதில்லை.

திங்கட்கிழமைக்கு என்றால்

இங்கேதான் மிசோ. அதுவும் எல்லா மிசோவும் அல்ல, கியோத்தோவின் வெள்ளை மிசோ, சைக்கியோ-மிசோ. 'சைக்கியோ' என்றால் மேற்குத் தலைநகரம். மெய்ஜி பேரரசர் காலத்தில் தலைநகர் அந்தஸ்து கிழக்கே டோக்கியோவுக்குப் போனதும், கியோத்தோவைக் குறிக்க வந்த பெயர் இது. சாதாரணச் சிவப்பு மிசோவில் உப்பு 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சைக்கியோ-மிசோவில் 5 சதவீதம்தான். அரிசிக் கோஜி அதிகம், புளிக்கவைக்கும் காலம் குறைவு, அதனால் நாக்கில் வைத்தாலே இனிக்கும்.

இந்தக் குறைந்த உப்பும் மிசோவின் கெட்டித்தன்மையும் சேர்ந்துதான் நமக்கு நாட்களைத் தருகின்றன. சோயா ஊறல் மாதிரி பாய்ந்து ஓடாமல் மெல்ல இறங்கும். முதல் நாள் மேலோட்டமான இனிப்பு. இரண்டாம் நாள் சதை இறுகி, விரலால் அமுக்கினால் அல்வா போல அமுங்கி எழும். மூன்றாம் நாள்தான் உச்சம். எனக்குப் பிடித்தது இரண்டரை நாள். வெள்ளி இரவு போட்டது திங்கள் காலை டிபன் பெட்டிக்கு. கூடையில் இருப்பது சிவப்பு மிசோதான் என்றால் மிரினும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்து ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். அதை மூன்று நாள் விட்டால் வாயில் வைக்க முடியாது.

அளவு: நான்கு துண்டுக்கு சைக்கியோ-மிசோ 200 கிராம், மிரின் இரண்டு டேபிள்ஸ்பூன், சாக்கே ஒன்று. டப்பாவின் அடியில் பாதியைப் பரப்பி, அதன்மேல் மெல்லிய மல் துணி, துணிமேல் மீன், மீன்மேல் துணி, அதன்மேல் மீதி மிசோ. துணி எதற்கு என்றால், மிசோ ஒட்டாமல் ருசி மட்டும் கடக்கும், துடைக்கும் வேலை பாதியாகும். துணி இல்லையென்றால் ஜிப் பையில் நேரே தடவி, பிறகு விரலால் வழித்து டிஷ்யூவால் துடைக்கலாம். சிலர் குழாயடியில் கழுவிவிடுகிறார்கள். நான் கழுவ மாட்டேன். மூன்று நாள் இறக்கிய ஈரத்தைத் திரும்ப ஊற்றுவானேன்?

இந்தச் சமையலை உலகத்துக்குக் காட்டியது கின்தாரா என்கிற மீன். பெயரில் தாரா இருந்தாலும் அது தாரா இனமே இல்லை. அலாஸ்கா, கனடா பக்கத்து ஆழ்கடல் மீன், உடம்பெல்லாம் கொழுப்பு. ஜப்பானியச் சமையல் கலைஞர் நோபு மட்சுஹிசா 1987 இல் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் உணவகம் திறந்து மிசோ கின்தாராவைப் பிரபலமாக்கினார், பிறகு ஊர் ஊராக அதைப் பின்பற்றினார்கள். கொழுப்பு மீன் என்பதால் கொஞ்சம் அதிகம் வெந்தாலும் வறளாது. கற்றுக்குட்டிக்கு ஏற்ற மீன், கற்றுக்குட்டிக்கு ஏற்ற விலை இல்லை. வீட்டுக்கு சவாராவே போதும். கியோத்தோக்காரர்கள் சைக்கியோ ஊறலுக்கு அதைத்தான் ரொம்ப நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நம்மவர்களுக்கு சவாராவில் ஒரு கூடுதல் சந்தோஷம் உண்டு. அது நம் வஞ்சிரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன், இரண்டும் ஒரே பேரினம். யாழ்ப்பாணத்தில் அறக்குளா என்பார்களே, அதே வம்சம். வஞ்சிரத்தை முள்ளோடு சக்கரமாக வெட்டியே பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே முள் நீக்கி, சாய்வாகச் சீவி, தோலோடு வைத்திருப்பது அடையாளம் தெரியாது. சென்னையில் இருந்துகொண்டு செய்து பார்ப்பவர்கள் வஞ்சிரத்தை முள் நீக்கி இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டித் தரச்சொல்லி வாங்கலாம். எனக்கென்னவோ வஞ்சிரம் சவாராவைவிடச் சீக்கிரம் வறள்கிறது. ஒரு நிமிடம் முன்பே இறக்கிவிடுங்கள்.

காசு-சுகே பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரும். இங்கே 'காசு' என்றால் சாக்கே பிழிந்தபின் மிஞ்சும் சக்கை. மிசோ போலவே இரண்டு மூன்று நாள் தாங்கும், வாசனை அபாரம். ஆனால் அதில் மதுச்சத்து 8 சதவீதம் அளவுக்கு இருக்கும், சுட்டாலும் முழுக்கப் போகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களும் தவிர்க்கலாம்.

அடுப்பு எது

ஜப்பானிய கேஸ் அடுப்பின் நடுவில் இழுப்பறை மாதிரி ஒரு மீன் கிரில் இருக்கும். இருந்தால் அதுவே முதல் தேர்வு. நேரடி நெருப்பில் தோல் முறுகுவது வேறெதிலும் வராது. வாடகை வீடுகள் பலவற்றில் ஒற்றை மின்னடுப்பு மட்டும்தான். அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை, ஊறிய மீனுக்கு நான்ஸ்டிக் தவா சொல்லப்போனால் கிரில்லைவிடப் பத்திரமானது. தவாவில் பட்டர் பேப்பரை விரித்து, எண்ணெய் இல்லாமல், தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மிதமான தீக்கும் கொஞ்சம் குறைவாக நான்கைந்து நிமிடம். திருப்பி, மூடிபோட்டு மூன்று நிமிடம். காகிதம் பாத்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்காமல் நறுக்கிவிடுங்கள், கேஸ் தீ அதைப் பிடித்துக்கொள்ளும். ஓவனில் 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் வேகும், ஆனால் தோல் துவண்டுபோகும். இரண்டு துண்டுக்காக அவ்வளவு பெரிய பெட்டியைச் சூடேற்ற எனக்கு மனம் ஒப்பாது.

கிரில்லில் ஒரு குழப்பம் வரும். மேலிருந்து மட்டும் தீ வருகிற கிரில் என்றால் தோல் பக்கம் மேலே இருக்க வேண்டும், தவாவில் அதே தோல் கீழே. எந்தப் பக்கம் தட்டில் கண்ணுக்குத் தெரியப்போகிறதோ அது முதலில் தீயைப் பார்க்க வேண்டும், அதுதான் கணக்கு. அப்புறம் சும்மா விட்டுவிட வேண்டும். மீனைச் சுடப் பிரபுவை விடு, மோச்சியைச் சுடப் பிச்சைக்காரனை விடு என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. பிரபு அசமந்தமாக உட்கார்ந்திருப்பார், மீன் உடையாது. பசித்தவன் பொறுக்கமாட்டாமல் புரட்டிக்கொண்டே இருப்பான், இடித்த அரிசிக் கட்டியான மோச்சிக்கு அதுதான் வேண்டும். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிற நம் பழக்கம் இந்த மீனுக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஊறல் மீனின் வயதைக் குறைப்பதில்லை. பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய மீன் ஏற்கனவே கெடுநாளை நெருங்கியது. அதை மிசோவில் போட்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஓர் இரவு ஊறவிட்டு, மிசோவோடேயே ஃப்ரீசரில் தள்ளிவிடுவேன். உருகும்போது மீதி ஊறலும் நடக்கும். சாபா, புரி, மத்தி, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற பொருள் உண்டாகி உடம்பெல்லாம் தடிக்கும். சமைத்தாலும் அது போகாது. ஐஸ் இல்லாமல் தெருவில் விற்கும் மீனை எந்த ஊறலுக்கும் எடுக்காதீர்கள், நம்மூர்ச் சித்திரை வெயிலில் முக்கியமாக. மீனுக்குள் இருக்கும் அனிசாகிஸ் என்கிற ஒட்டுண்ணிப் புழுவும் உப்பு, சோயா, மிசோ எதற்கும் சாகாது. நடுப்பகுதிவரை நன்றாக வேகவைத்தால் போய்விடும், அதனால் தடித்த துண்டின் நடுவைப் பிரித்துப் பாருங்கள்.

சாப்பாட்டுப் பொருத்தமும் வேறு வேறு. மிசோ மீனின் இனிப்பு வெறும் வெள்ளைச் சோற்றோடுதான் சேரும், பக்கத்தில் துருவிய முள்ளங்கி இருந்தால் நல்லது. குழம்பு இருக்கிற நாளில் அதை எடுக்காதீர்கள், இரண்டும் சண்டை போடும். யூஆன் மீன் மிளகு ரசத்தோடு அழகாகப் போகிறது. ஷியோ-கோஜி மீன் எதோடும் போகும், தயிர்சாதத்தோடுகூட.

சரி, அந்த மூன்று தட்டு சவாராவுக்கு வருகிறேன். முதல் தட்டு அன்றிரவே யூஆன், அரைமணி நேரம்தான் ஊறியது. இரண்டாவது ஷியோ-கோஜி, சனிக்கிழமை மதியம். மூன்றாவது மிசோவோடு ஃப்ரீசரில் இருந்தது, செவ்வாய் காலை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி அன்றிரவு சுட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் மிசோவைத்தான் வைத்துக்கொள்வேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் யூஆனில் ஆரம்பியுங்கள். தப்பானால் ஒரு மணி நேரம்தான் நஷ்டம், மூன்று நாள் அல்ல.

மீன் எடுத்த மிசோவைக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் விட்டு இளகியிருக்கும், பச்சை மீனின் சாறும் அதில் இருக்கும். அதனால் சின்ன வாணலியில் ஒரு கரண்டி சர்க்கரையோடு கொதிக்கவிட்டுக் கெட்டியாகக் கிளறி எடுங்கள். கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்து எண்ணெயில் வதக்கி, அதன்மேல் இதைப் பூசி, கிரில்லில் இரண்டே நிமிடம். இந்த முறை மிசோவைத் துடைக்க வேண்டாம்.